கத்திரி வெயிலில் வேலைத்தளம்: தண்ணீர், நிழல், கழிப்பறை, கூலி

வேலூரில் 40 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 25 சதவீதம். அதே நாளில் நாகப்பட்டினத்தில் 36 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். செய்தியில் வேலூர்தான் வரும். ஆனால் மண்வெட்டி பிடித்து நிற்பவருக்குக் கொடியது நாகப்பட்டினத்து வெயில். வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துப் பார்க்கும் வெப்பக் குறியீட்டுக் கணக்குப்படி வேலூர்க்காரர் உடம்பில் உறைப்பது ஏறக்குறைய 41 டிகிரி, நாகப்பட்டினத்தில் 51. உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்வது வேர்வை வழிவதால் அல்ல, அது ஆவியாவதால். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வேர்வை ஆவியாகாமல் சொட்டி வீணாகிறது. புழுக்கம் என்று நாம் சொல்வது இதைத்தான்.

வானிலைத் துறை சமவெளியில் வெப்ப அலை என்று அறிவிக்க வெப்பநிலை 40 டிகிரியைத் தொட வேண்டும், வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். கடலோரத்தில் 37 டிகிரியும் அதே 4.5 டிகிரி உயர்வும் வேண்டும். நாம் சொன்ன நாகப்பட்டினத்து நாள் இந்தக் கணக்கில் வராது. ஆகவே அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்கும் கடலோர வேலைத்தளம் பெரும்பாலும் ஆள் விழுந்த பிறகே விழித்துக்கொள்ளும். காற்று ஒரு டிகிரி சூடேறினால் அதனால் சுமக்க முடிகிற நீராவி சுமார் 7 சதவீதம் கூடுகிறது. உலகம் சூடேறச் சூடேறப் புழுக்கமான நாட்களும், இறங்காத இரவு வெப்பமும் கூடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அகமதாபாத்தில் 2010 மே மாத வெப்ப அலையின்போது வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள். அதன் பிறகே 2013-இல் அந்த நகரம் வெப்பத்துக்கென்று ஒரு செயல்திட்டம் வகுத்தது. கீழே சொல்வது நகரத்துக்கான திட்டம் அல்ல. சுமார் 40 பேர் வேலை செய்யும் ஒரு தளத்துக்கு, அதாவது ஒரு கட்டடம், ஓர் உப்பளம், ஒரு செங்கல் சூளை, ஏரி தூர்வாரும் நூறு நாள் வேலைக்கு. மேஸ்திரி, பணித்தளப் பொறுப்பாளர், ஒப்பந்ததாரர், ஊராட்சித் தலைவர் ஆகியோர் கையில் இருக்க வேண்டிய விவரம் இது.

முதலில் அளந்து பாருங்கள்

செல்போன் காட்டும் வெப்பநிலை உங்கள் தளத்தின் வெப்பநிலை அல்ல. அது எங்கோ ஒரு நிலையத்தில், நிழலில், தரையிலிருந்து உயரத்தில் எடுத்தது. கான்கிரீட் தளத்தின் மேலும் வெள்ளை உப்புப் பாத்தியின் நடுவிலும் கீழிருந்து எதிரடிக்கும் வெப்பம் அதில் இல்லை.

கையடக்க ஹீட் ஸ்ட்ரெஸ் மீட்டர் வாங்க முடிந்தால் வாங்குங்கள். அது காட்டும் டபிள்யூபிஜிடி என்ற எண் மூன்று வெப்பநிலைகளைச் சேர்த்தது: ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவதில் 70 சதவீதம், வெயிலில் வைத்த கறுப்பு உருண்டைக்குள் இருக்கும் வெப்பத்தில் 20 சதவீதம், சாதாரணக் காற்று வெப்பத்தில் 10 சதவீதம். மீட்டரை ஸ்டாண்டில் நெஞ்சு உயரத்தில், ஆட்கள் வேலை செய்யும் அதே இடத்தில் வைத்து, 10 முதல் 15 நிமிடம் கழித்துப் படியுங்கள். ஆபீஸ் அறையிலிருந்து எடுத்து வந்தவுடன் படிப்பதும், தன் நிழல் மேலே விழும்படி நின்று படிப்பதும்தான் வழக்கமாக நடக்கும் தவறுகள். இரண்டிலும் எண் குறைவாகக் காட்டும்.

மீட்டர் இல்லையென்றால் ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடி வெப்பமானிகள் போதும், ஓரளவு கணிக்கலாம். ஒன்றின் குமிழில் துவைத்த பழைய பருத்தி வேட்டித் துணியை ஒரு சுற்று சுற்றி, துணியின் நுனி ஒரு சின்னக் கிண்ணத் தண்ணீரில் தொங்கும்படி கட்டுங்கள். குமிழ் தண்ணீருக்குள் போகக் கூடாது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே நிற்கட்டும். இரண்டையும் நிழலில் தொங்கவிட்டு, அட்டையால் ஐந்து நிமிடம் விசிறிவிட்டுப் படியுங்கள். மேலே சொன்ன வேலூர் நாளில் ஈர வெப்பமானி 24 டிகிரியை ஒட்டி நிற்கும், நாகப்பட்டினத்து நாளில் 30-ஐ ஒட்டி. போர் தண்ணீர் ஊற்றினால் ஒரு வாரத்தில் துணியில் உப்பு படிந்து விறைத்துவிடும். பிறகு எண் கூடுதலாகக் காட்டும். காய்ச்சி வடித்த பேட்டரித் தண்ணீரை ஊற்றி, துணியை வாரம் ஒருமுறை மாற்றுங்கள்.

ஈர வெப்பமானி எண்ணில் 70 சதவீதத்தையும் சாதாரண வெப்பமானி எண்ணில் 30 சதவீதத்தையும் கூட்டினால் நிழலுக்கான டபிள்யூபிஜிடி ஏறக்குறைய கிடைக்கும். வெயிலில் அது இன்னும் கூடுதல்.

நிழல் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை டபிள்யூபிஜிடி கணக்கே காட்டும். காற்று 36, ஈர வெப்பமானி 27, கறுப்பு உருண்டை 48 என்றால் வெயிலில் டபிள்யூபிஜிடி 32.1. அதே இடத்தில் நல்ல நிழல் போட்டால், உருண்டையும் 36-க்கு இறங்கி, எண் 29.7 ஆகும். ஒரு பந்தல் இரண்டரை டிகிரியை எடுத்துவிடுகிறது.

எந்த எண்ணுக்கு என்ன செய்வது

மண் வெட்டுவது, கல் சுமப்பது, உப்பு வாரிக் குவிப்பது, கான்கிரீட் சட்டி தூக்குவது எல்லாம் கடின வேலை. வெயிலுக்குப் பழகிய ஆளுக்கு, டபிள்யூபிஜிடி 27.5 வரை மணிக்கு 45 நிமிடம் வேலை, 15 நிமிடம் ஓய்வு. 29 வரை பாதி நேரம் வேலை, பாதி நேரம் ஓய்வு. 30.5 வரை மணிக்கு 15 நிமிடம் மட்டும். அதற்கு மேல் கடின வேலையை நிறுத்துங்கள். பூச்சு வேலை, சென்ட்ரிங் பிரிப்பது போன்ற நடுத்தர வேலைக்கு 28 வரை வழக்கமான இடைவேளையோடு முழு நேரம் செய்யலாம், 30 வரை பாதி நேரம், 31.5 வரை மணிக்கு 15 நிமிடம், அதற்கு மேல் அதுவும் கூடாது. புதிய ஆட்களுக்கு இந்த எல்லைகள் இரண்டரை முதல் மூன்றரை டிகிரி வரை கீழே இறங்கும்.

இதை அப்படியே கடைப்பிடித்தால் மே மாதத்தில் கடலோரத் தளங்களில் காலை பத்து மணிக்குள் வேலை நின்றுவிடும். அது உண்மைதான், மறைப்பதற்கில்லை. ஆகவே ஓய்வை நீட்டுவதைவிட வேலை நேரத்தையே நகர்த்துவது நல்லது. காலை 5.30-க்குத் தொடங்கி 10.30-க்கு முடியுங்கள். மீதி வேலை இருந்தால் மாலை 4.30-க்கு மேல். அதிகாலையில் ஈரப்பதம் கூடுதலாக இருந்தாலும் வெயிலின் நேரடிக் காய்ச்சல் இல்லாததால் மொத்த எண் குறைவாகவே இருக்கும். தளம் போடுவது போல இடையில் நிறுத்த முடியாத வேலையை இரவுக்கு மாற்றுங்கள். ஆனால் இரவு வேலை பார்த்தவரைக் காலையிலும் நிறுத்தாதீர்கள். தூங்காத உடம்பு வெயிலைத் தாங்காது.

இரவு வெப்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். தகரக் கொட்டகையிலோ ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழோ படுத்தவர், இரவு 30 டிகிரிக்குக் கீழே இறங்காத நாளில், காலையில் வரும்போதே களைத்து வருகிறார். தொடர்ந்து இரண்டு இரவு அப்படி இருந்தால் மூன்றாம் நாள் வேலை அளவைக் குறையுங்கள்.

தண்ணீர்: கணக்கு போட்டு வையுங்கள்

தாகம் எடுத்த பிறகு குடிப்பது தாமதம். 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர், அதாவது 250 மில்லி. மணிக்கு முக்கால் லிட்டர், ஆறு மணி நேரத்துக்கு ஆளுக்கு நாலரை லிட்டர், 40 பேருக்கு 180 லிட்டர். 20 லிட்டர் கேன் ஒன்பது ஆகிறது. மேற்கொண்டு மூன்று சேர்த்து 12 வையுங்கள். ஒரே நேரத்தில் அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து: மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் ரத்தத்தில் சோடியம் இறங்கி, வெயில் மயக்கம் போலவே தலைசுற்றலும் வாந்தியும் வரும்.

கேன் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். ஐம்பது அடிக்குள் இருந்தால் குடிப்பார்கள். கீழ்த்தளத்தில் கேன், நான்காவது மாடியில் வேலை என்றால் குடிக்க மாட்டார்கள். மாடிக்கொரு கேனாகப் பிரித்து ஏற்றி, ஈரச் சாக்கைச் சுற்றி நிழலில் வையுங்கள். கட்டடத் தொழிலாளர்களுக்கான 1996-ஆம் ஆண்டுச் சட்டம் குடிநீர் வைக்கச் சொன்னது. அந்தக் குடிநீர் கழிப்பறையிலிருந்தும் கழுவுமிடத்திலிருந்தும் 6 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்றும் சொன்னது.

லாரித் தண்ணீரை சின்டெக்ஸ் தொட்டியில் நிரப்பிக் குடிப்பதானால் 1000 லிட்டருக்கு 5 கிராம் பிளீச்சிங் பவுடர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாளியில் முதலில் கூழாகக் குழைத்து, பிறகு தண்ணீர் விட்டுக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். அடியில் நிற்கும் சுண்ணாம்பு வேண்டாம். அரை மணி நேரம் கழித்துக் குளோரோஸ்கோப்பில், அதாவது குளோரின் அளவு பார்க்கும் கருவியில் பார்த்தால், லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் இருக்க வேண்டும். இல்லையென்றால் பெரும்பாலும் பவுடர்தான் பழசு. மூட்டையைத் திறந்து வைத்தால் வெயில் காலத்தில் சில வாரங்களிலேயே வீரியம் போய்விடும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் இருட்டில் வையுங்கள். தொட்டியையும் டிரம்மையும் மூடி வைத்து, வாரம் ஒருமுறை காலி செய்து உட்சுவரைத் தேயுங்கள். டெங்கு கொசுவின் முட்டை காய்ந்த சுவரில் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். வெறுமனே கவிழ்த்துவிட்டால் போதாது.

வேர்வையோடு உப்பும் போகிறது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேர்த்தவருக்கு வெறும் தண்ணீர் போதாது. காலையில் உப்புப் போட்ட நீராகாரமும் பழைய சோறும் நம் ஊர் உழைப்பாளிகள் கண்ட நல்ல வழி. தளத்தில் நீர்மோர் கொடுக்க ஒரு லிட்டர் தயிருக்கு நான்கு லிட்டர் தண்ணீர், தலைதட்டிய இரண்டு டீஸ்பூன் உப்பு. இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. அதனால் ஒரு சிட்டிகை உப்பு சேர்த்தால் நல்லது. கலர், எனர்ஜி டிரிங்க் வேண்டாம். ரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரகத்துக்கும் மருந்து எடுப்பவர்கள் உப்பு விஷயத்தில் தங்கள் மருத்துவர் சொன்ன அளவைப் பின்பற்றட்டும்.

ஓஆர்எஸ் என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல் அன்றாட பானம் அல்ல. கிறுகிறுப்பு, கெண்டைக்கால் இழுப்பு, வாந்தி பேதி கண்டவருக்கு உரியது. 20 பாக்கெட் இருப்பில் இருக்கட்டும். இதில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. பெரிய பாக்கெட் சுமார் 21 கிராம். அது ஒரு லிட்டருக்கு. சின்ன பாக்கெட் 4 கிராம் சொச்சம்; அது 200 மில்லிக்கு. பெரியதை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்தால் உப்பும் சர்க்கரையும் நான்கு மடங்காகி, குடலே உடம்பிலிருந்து தண்ணீரை இழுக்கும். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். கடையில் பழச்சுவையோடு அட்டைப்பெட்டியில் வரும் பானங்கள் பலவும் ஓஆர்எஸ் அல்ல. அந்தப் பெயரை அவை போட்டுக்கொள்ளக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. பாக்கெட்டின் மேல் உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று இருக்கிறதா பாருங்கள். பாக்கெட் கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

கழிப்பறை இல்லாத இடத்தில் தண்ணீர் கேன் பயன்படாது

பன்னிரண்டு கேன் வைத்த தளத்தில் மாலையில் எட்டு கேன் மீந்து நிற்கிறதென்றால், சித்தாள் பெண்கள் குடிக்கவில்லை என்று பொருள். காரணத்தை அவர்களிடம் கேட்டால் நேராகச் சொல்வார்கள்: ஒதுங்க இடமில்லை. காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பியது முதல் மாலை வரை குடிக்காமல் அடக்கி வைப்பதால் நீர்க்கடுப்பு, சிறுநீர்ப் பாதைத் தொற்று, பிறகு சிறுநீரகக் கோளாறு. தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வுகளும் வெப்பத்தோடு கழிப்பறை இல்லாமையைச் சேர்த்தே பேசுகின்றன. வெப்பத்துக்கான போஸ்டர் ஒட்டும் காசில் ஒரு கழிப்பறைக்குக் கதவு போடலாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

40 பேர் தளத்தில் பெண்கள் 15 பேர் இருந்தால் அவர்களுக்கென்று இரண்டு. உள்ளே தாழ்ப்பாள், ஒரு டிரம் தண்ணீர், கப்பு, சோப்பு, மூடியுள்ள குப்பைக்கூடை. நடந்தால் மூன்று நிமிடத்துக்குள் போகும் தூரம். உப்பளத்தில் கல் கட்டடம் கட்ட முடியாது என்றால் தகரத்தை நான்கு பக்கமும் அடித்து, உறை இறக்கிய குழியின் மேல் பீங்கான் வைத்து அமையுங்கள். தகரச் சுவருக்கு மேலே ஓர் அடி திறந்திருக்கட்டும், இல்லையென்றால் உள்ளே அடுப்பு போலக் காயும். யாரும் நுழைய மாட்டார்கள்.

கழிப்பறைக் கதவின் உட்பக்கம் நிற அட்டை ஒன்று ஒட்டுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. கடுகு எண்ணெய் நிறத்துக்கு வந்தால் உடனே இரண்டு டம்ளர் குடித்து நிழலுக்குப் போக வேண்டும். டீ டிகாக்ஷன் நிறமாக இருந்தால் தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கியிருக்கலாம். அன்றே அரசு மருத்துவமனைக்கு.

உடம்பு வலிக்கு மெடிக்கலில் வாங்கிப் போடும் டைக்ளோபினாக் போன்ற மாத்திரைகளையும் ஊசியையும் இந்த மாதங்களில் தவிர்க்கச் சொல்லுங்கள். நீர் வற்றிய உடம்பில் அவை சிறுநீரகத்துக்கு வரும் ரத்தத்தை இன்னும் குறைக்கின்றன. சுமை தூக்குபவர்களிடம் இந்தப் பழக்கம் மிக அதிகம். எத்தனை பேர் தினமும் போடுகிறார்கள் என்று பக்குவமாகக் கேட்டுப் பாருங்கள்.

கூலி

ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு, ஒரு டன் உப்புக்கு இவ்வளவு என்று கூலி இருக்கும்போது ஓய்வெடு என்று சொல்வது கூலியைக் குறைத்துக்கொள் என்று சொல்வதற்குச் சமம். யாரும் எடுக்க மாட்டார்கள். கத்திரி வெயில் வரும் மே 4 முதல் மே கடைசி வரைக்காவது அளவுக் கூலியை நாள் கூலியாக மாற்றுங்கள். அது முடியாதென்றால் ஓய்வு நேரத்துக்கு ஒரு தொகையை நிர்ணயித்து அளவுக் கூலியோடு சேருங்கள். ஓய்வைத் தனித்தனியாக அவரவர் விருப்பத்துக்கு விடாமல், மணியடித்து எல்லாரையும் ஒரே நேரத்தில் நிறுத்துங்கள். முதலில் உட்கார்பவர் சோம்பேறி என்ற பேச்சு அப்போதுதான் எழாது.

புதிதாக வந்தவர்கள்

வெயிலில் சாகிறவர்களில் பெரும்பங்கு வேலைக்கு வந்த முதல் சில நாட்களிலேயே விழுகிறார்கள். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் பிடிக்கும். பழகிய உடம்பு சீக்கிரமே வேர்க்கத் தொடங்கும், அதிகம் வேர்க்கும், உப்பைக் குறைவாக இழக்கும். முதல் நாள் வேலையில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் கொடுங்கள். அடுத்தடுத்த நாள் இன்னோர் ஐந்தில் ஒரு பங்காகக் கூட்டுங்கள். பழைய ஆளே ஊர்த் திருவிழாவுக்குப் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பினாலும், காய்ச்சலில் படுத்து எழுந்து வந்தாலும், முதல் நாள் பாதி வேலைதான். பிகார், ஒடிசாவிலிருந்து வரும் தம்பிகள் ரயிலில் இரண்டு நாள் உட்கார்ந்து வந்து இறங்கிய மறுநாளே முழு வேலையில் நிற்பது வழக்கமாக இருக்கிறது. தெரிந்தே ஒருவரை ஆபத்தில் நிறுத்துவது அது. அவர்கள் மொழி தெரிந்த ஒருவரைக் குழுவில் வையுங்கள். தலை சுற்றுகிறது என்று சொல்லக்கூட அவர்களுக்கு வழியில்லாமல் போகக் கூடாது.

கர்ப்பிணிகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2024-இல் வெளியிட்ட ஆய்வில், கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவும் குழந்தை இறந்து பிறப்பதும் ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தன. வெயிலில் சுமை தூக்கும் வேலையிலிருந்து அவர்களை விலக்கி, நிழலில் வேறு வேலை அதே கூலிக்குக் கொடுங்கள். கைக்குழந்தையைத் தூளியில் போடுவது மரத்தடியில் இருக்கட்டும். தகரக் கொட்டகையிலும் லாரி கேபினிலும் ஒருபோதும் வேண்டாம். ஆறு மாதத்துக்குள் உள்ள குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே. தண்ணீர் குடிக்க வேண்டியவர் தாய்.

நீர் மாத்திரை, மனநல மருந்துகள், சில இதய மருந்துகள் எடுப்பவர்கள் யார் என்று வேலை தொடங்கும் முன்பே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மருந்தைத் தாங்களாக நிறுத்தச் சொல்லாதீர்கள்; அவர்களை நிழல் வேலைக்கு மாற்றுங்கள். இன்சுலின் கொண்டு வருபவருக்கு ஒரு மண்பானை வைத்துக் கொடுங்கள். பானையில் கால்வாசி ஈரமணல் போட்டு, அதன்மேல் மூடி இறுகிய எவர்சில்வர் டப்பாவில் மருந்து. வாயில் ஈரத்துணி. காற்றோட்டமான நிழலில் வைத்தால் வெளியைவிடப் பல டிகிரி குறைந்திருக்கும். காற்று உலர்வாக உள்ள இடத்தில் இது நன்றாக வேலை செய்யும், கடலோரப் புழுக்கத்தில் அவ்வளவு செய்யாது.

நிழல், ஓய்வு

பச்சை வலை ஒற்றையாகக் கட்டினால் வெயில் ஓரளவு உள்ளே இறங்கும். தென்னங்கீற்றுப் பந்தலே சிறந்தது. எட்டடி உயரம், நான்கு பக்கமும் திறப்பு. பந்தலுக்குள் நான்கு வாளி தண்ணீர் வையுங்கள். ஓய்வுக்கு வந்தவர் முதலில் இரண்டு கையையும் முழங்கை வரை பத்து நிமிடம் முக்கி உட்காரட்டும். வேர்வை ஆவியாகாத புழுக்கத்தில் உடம்புச் சூட்டை இறக்க இது நல்ல வழி. தண்ணீர் வெதுவெதுப்பானதும் மாற்றுங்கள். காற்று 40 டிகிரிக்கு மேல் போனால் மின்விசிறி மட்டும் உதவாது. தோலை நனைத்த பிறகே விசிறியின் முன் உட்கார வேண்டும்.

தங்கும் கொட்டகையின் தகரக் கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்போ கூலிங் பெயிண்டோ இரண்டு கோட் அடிக்கலாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் மேல் ஏறி நடக்காதீர்கள். அது காலடியில் உடைந்து ஆள் உள்ளே விழுவார். பலகை போட்டு, அதன்மேல் இருந்துகொண்டே அடிக்க வேண்டும்.

ஆள் விழுந்தால்

தலைவலி, வாந்தி, நனைந்த குளிர்ந்த தோல், சோர்வு இருந்தும் பேச்சு தெளிவாக இருந்தால் அது வெப்பச் சோர்வு. நிழலில் படுக்கவைத்துக் காலை உயர்த்தி, உடையைத் தளர்த்தி, ஓஆர்எஸ் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். அரை மணி நேரத்தில் தெளியாவிட்டால் மருத்துவமனைக்கு. தெளிந்தாலும் அன்று திரும்ப வேலை கூடாது.

உளறுவது, தள்ளாடுவது, சம்பந்தமில்லாமல் கோபப்படுவது, வலிப்பு, நினைவு தப்புவது, இவற்றில் எது வந்தாலும் வெப்பத்தாக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பின் உட்சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். வேர்வை நின்றிருக்க வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். உழைத்துக்கொண்டே விழுந்தவருக்கு உடம்பு தெப்பமாக நனைந்திருக்கும். அதைப் பார்த்து இது சாதாரண மயக்கம் என்று விட்டுவிடுவதால் உயிர் போகிறது. அக்குளில் வைக்கும் வெப்பமானியையும் இங்கே நம்பாதீர்கள். அது குறைத்தே காட்டும்.

ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். மற்றவர்கள் அதே நிமிடம் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். முதலில் குளிர்விப்பது, பிறகு ஏற்றுவது. ஆம்புலன்ஸ் வரும் இருபது நிமிடம்தான் மூளையையும் சிறுநீரகத்தையும் காப்பாற்றும் நேரம். ஆறடிக்கு ஒன்பதடி தார்ப்பாய் ஒன்றில் அவரைக் கிடத்தி, ஆறு பேர் விளிம்பைத் தூக்கிப் பிடித்துத் தொட்டி போல ஆக்குங்கள். 100 லிட்டர் தண்ணீரையும் ஐஸையும் உள்ளே கொட்டி, பாயை இடமும் வலமும் அசைத்துத் தண்ணீர் உடம்பின் மேல் ஓடும்படி செய்யுங்கள். தலைமாட்டில் ஒருவர் முகம் தண்ணீருக்கு மேலே இருக்கும்படி இரு கையாலும் தாங்கியே இருக்க வேண்டும். 15 நிமிடம் வரை தொடருங்கள். நடுக்கம் எடுத்தாலோ தெளிவாகப் பேசினாலோ நிறுத்தலாம். இதற்காகத் தினமும் காலையில் அரை பார் ஐஸ் வாங்கி, தெர்மோகோல் பெட்டியில் உமி போட்டுச் சாக்கில் சுற்றி வையுங்கள். அதைக் குடிநீரில் போடாதீர்கள். குடிக்கத் தகுந்த தண்ணீரில் உறைந்தது அல்ல.

தார்ப்பாயோ ஐஸோ இல்லையென்றால் உடையைக் களைந்து, உடம்பு முழுவதும் தண்ணீரை விடாமல் ஊற்றி, அட்டையாலும் துண்டாலும் வேகமாக விசிறுங்கள். வயதானவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் ஐஸ் தண்ணீரில் முக்குவதைவிட இதுவே பாதுகாப்பு. ஈரத்துணியைப் போர்த்தி அப்படியே விட்டால் சிறிது நேரத்தில் அதுவே சூடேறிப் போர்வையாகிவிடும். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர், சோடா, எலுமிச்சைச் சாறு எதுவும் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போகும். பாராசிட்டமால் இந்தச் சூட்டை இறக்காது, கல்லீரலைத்தான் கெடுக்கும்.

மார்ச் முதல் வாரத்தில் ஒருமுறை, ஓர் ஆளைப் படுக்கவைத்து வெறும் தண்ணீரில் இதைச் செய்து பாருங்கள். தார்ப்பாய் எங்கே, யார் தலையைப் பிடிப்பது, ஆம்புலன்ஸுக்கு எந்த அடையாளத்தைச் சொல்வது என்ற மூன்றிலும்தான் நேரம் வீணாகிறது. உப்பளத்தின் நடுவில் தெருப்பெயர் கிடையாது. தார்ச்சாலையிலிருந்து பிரியும் இடத்தில் ஒருவர் சிவப்புத் துணியோடு நிற்க வேண்டும்.

நோட்டு

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, காலை 6, 9, 11 மணி எண்கள், முந்தின இரவின் குறைந்த வெப்பம், காலியான கேன்கள், வந்த புதிய ஆட்கள், யாருக்கு என்ன ஆனது, எந்த நேரத்தில், அவர் அப்போது என்ன வேலை செய்தார். நான்கு வாரம் எழுதினால், எந்த மணிக்கு எந்த மூலையில் ஆட்கள் சோர்கிறார்கள் என்பது தானாகத் தெரியும். பந்தலை அங்கே நகர்த்துங்கள்.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. வெப்பத்தால்தான் இறந்தார் என்பது மருத்துவரீதியாக உறுதியாக வேண்டும். மருத்துவமனைச் சீட்டில் மாரடைப்பு என்று மட்டும் எழுதிவிட்டால் குடும்பம் பின்னால் எதையும் நிரூபிக்க முடியாது. ஆகவே நோயாளியோடு ஆம்புலன்ஸில் போகிறவர் நோட்டின் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு போகட்டும். வெயிலில் எத்தனை மணி நேரம் நின்றார், எப்போது உளறத் தொடங்கினார், எத்தனை நிமிடம் குளிர்வித்தோம் என்பதை மருத்துவரிடம் சொல்லி, வந்து சேர்ந்தபோது உடம்பின் உட்சூடு எவ்வளவு என்பதை அளந்து சீட்டில் எழுதும்படி அங்கேயே கேட்டு வாங்குங்கள்.